சினிமா கத்தி வெட்டாது, பாட்டில் குத்தாது... 'ப்ராபர்ட்டி' செய்யும் கலையைக் கற்பது எப்படி? வேலைக்குள் நுழைவது எப்படி?

ஹீரோ பாட்டிலை எடுத்து வில்லன் தலையில் ஓங்கி அடிக்கிறார். பாட்டில் தூள் தூளாகிறது. வில்லனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த காட்சியில் சோழர் காலத்து வாள், அதற்கடுத்த படத்தில் 1970-களின் ரேடியோ, வெப் சீரிஸில் ஒரு பெட்டி நிறைய ரூபாய் நோட்டு. இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்கிறார், அல்லது தேடிப் பிடித்துக் கொண்டு வருகிறார்.

திரையில் அவர்கள் முகம் தெரியாது. டைட்டில் கார்டில் பெயர் வந்தாலும் வேகமாக ஓடிவிடும். ஆனால் வரையத் தெரிந்த, கை வேலை தெரிந்த பல இளைஞர்களுக்கு சினிமாவுக்குள் நுழைய இருக்கும் நிஜமான வாசல்களில் இதுவும் ஒன்று. இதற்குப் பெரிய டிகிரி கட்டாயமில்லை. அதே சமயம் தெரியாமல் இறங்கினால் நுரையீரலும் போகும், கைக்காசும் போகும்.

இந்த வேலை என்ன, எங்கே கற்கலாம், எப்படி உள்ளே போவது, எங்கே உஷாராக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

'ப்ராபர்ட்டி' என்றால் என்ன?

ஷூட்டிங் ஸ்பாட்டில் 'ப்ராபர்ட்டி எங்கே?' என்று யாராவது கத்தினால் அது நிலம், வீடு பற்றியது அல்ல. காட்சியில் நடிகர்கள் கையில் எடுக்கும், பயன்படுத்தும் பொருட்களுக்குத்தான் அந்தப் பெயர். கத்தி, கடிதம், மூக்குக்கண்ணாடி, டிபன் கேரியர், துப்பாக்கி, தாலி வரைக்கும் எல்லாமே ப்ராபர்ட்டி.

செட் என்பது வேறு. சுவர், தூண், கதவு எல்லாம் செட். அந்த அறைக்குள் மேஜை, காலண்டர், சாமி படம் வைத்து அலங்கரிப்பது செட் டிரஸ்ஸிங். அந்த மேஜை மேல் இருக்கும் பேனாவை நடிகர் எடுத்து எழுதினால், பேனா ப்ராபர்ட்டி ஆகிவிடும்.

இவை அனைத்தும் ஆர்ட் டிபார்ட்மெண்ட் பொறுப்பு. தலைமை, கலை இயக்குநர். அவருக்குக் கீழே உதவி கலை இயக்குநர்கள், செட் அசிஸ்டென்ட்கள், கார்பெண்டர், மோல்டர், பெயிண்டர், வெல்டர் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கும். 'ப்ராபர்ட்டி மேக்கர்' என்று தனியாக ஒரு நாற்காலி எப்போதும் இருக்காது. வரைபடத்தைப் பார்த்து பொருளைச் செய்து தருபவர் இந்தக் கூட்டத்துக்குள் ஒருவராகவோ, வெளியே சொந்தப் பட்டறை வைத்திருப்பவராகவோ இருப்பார்.

ஒரே வாள், மூன்று விதம்

புதிதாக வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். திரையில் தெரியும் ஒரு வாள், உண்மையில் பல வாள்கள்.

* க்ளோஸ்-அப் வாள்: கேமரா கிட்ட வந்து பார்க்கும். வேலைப்பாடு, எழுத்து, உலோகப் பளபளப்பு எல்லாம் தெரிய வேண்டும். இதை 'ஹீரோ ப்ராபர்ட்டி' என்பார்கள்.
* சண்டை வாள்: ரப்பர் அல்லது ஃபோமில் செய்வது. மேலே பட்டாலும் காயம் ஆகக் கூடாது. எடை குறைவாக இருக்க வேண்டும்.
* கூட்டத்து வாள்: பின்னால் நிற்கும் 200 வீரர்கள் கையில் இருப்பது. தூரத்திலிருந்து வாள் போலத் தெரிந்தால் போதும். ஒரே அச்சில் வார்த்து எடுப்பார்கள்.

மூன்றும் ஒரே வாள் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். நிறம், நீளம், கைப்பிடியில் இருக்கும் கீறல் வரை ஒத்துப்போக வேண்டும். இதற்குத்தான் கன்டினியூட்டி என்று பெயர். காலையில் எடுத்த ஷாட்டில் டம்ளரில் பாதி காபி இருந்தால், மாலையில் எடுக்கும் அடுத்த ஷாட்டிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

உடைகிற பாட்டிலுக்கும் இதே கதைதான். அந்தக் காலத்தில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி கண்ணாடி போல வார்த்தார்கள். அதனால்தான் 'சுகர் கிளாஸ்' என்ற பெயர். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சர்க்கரை பிசுபிசுத்துவிடும். இப்போது எளிதில் நொறுங்கும் ரெசினில் செய்வதே அதிகம். ஒரு ஷாட் ஓகே ஆக ஐந்தாறு டேக் போகலாம் என்பதால், ஒரு பாட்டில் கேட்டால் பத்து செய்து வைப்பவரே தொழில் தெரிந்தவர்.

இது சினிமாவோடு பிறந்த கலை அல்ல

தமிழ்நாட்டில் இந்தக் கைவேலைக்கு வேர் ரொம்ப ஆழம். தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுபவர் அணியும் கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாம் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டிச் செய்தவை. இரவு முழுக்க ஆடுபவர் கழுத்து வலிக்காமல் இருக்க வேண்டும், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் மின்ன வேண்டும். இன்றைய ப்ராபர்ட்டி மேக்கர் போடும் கணக்கும் அதுவேதான்.

நாடக மேடையில் ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் 'இலங்கேஸ்வரன்' போன்ற புராண நாடகங்களில் பிரமாண்ட செட்டுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பேர் போனது. விழுப்புரம், பண்ருட்டி பக்கம் காகிதக் கூழில் பொம்மையும் விநாயகர் சிலையும் செய்யும் குடும்பங்களிடம் இருப்பதும் அச்சு எடுத்து வார்க்கும் அதே தொழில்நுட்பம்தான்.

அதனால் 'எங்க வீட்டில் யாருமே சினிமாவில் இல்லையே' என்று யோசிக்கத் தேவையில்லை. தச்சு, சிலை, சைன்போர்டு, தையல், வெல்டிங் என எந்தக் கைவேலைக் குடும்பத்திலிருந்து வந்தாலும் இந்தத் தொழிலில் பாதி தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று.

எங்கே படிக்கலாம்?

1. நுண்கலைக் கல்லூரி

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழமையான கலைப் பள்ளிகளில் ஒன்று. 'நாயகன்', 'இந்தியன்' படங்களுக்குத் தேசிய விருது பெற்ற தோட்டா தரணி, 'காலாபானி', 'எந்திரன்' படங்களுக்குத் தேசிய விருது பெற்ற சாபு சிரில் இருவரும் இங்கே படித்தவர்கள். பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 4 ஆண்டு பி.எஃப்.ஏ. படிப்பு. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சிற்பத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி.

2. திரைப்படக் கல்லூரி

புனேயில் உள்ள இந்திய திரைப்பட மற்றும் தொலைக்காட்சி நிறுவனத்தில் கலை இயக்கம் மற்றும் புரொடக்‌ஷன் டிசைனுக்கு 3 ஆண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கலை இயக்குநர் ஆகும் எண்ணம் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. பொருள் செய்யும் பட்டறைக்காரர் ஆவதற்கு இது கட்டாயம் இல்லை.

3. ஐ.டி.ஐ.

பலரும் கவனிக்காத வழி இது. வெல்டர், கார்பெண்டர் போன்ற ஓராண்டுப் பிரிவுகளில் 8-ம் வகுப்பு படித்தவர்களும் சேரலாம். கையில் ஒரு உருப்படியான தொழில் இருக்கும். சினிமா வாய்ப்பு தள்ளிப்போனாலும் சோறு போடும். செட் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வெல்டிங் தெரிந்த பையனுக்கு எப்போதும் இடம் இருக்கும்.

4. நாடகக் குழு

1977-ல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நவீன நாடகக் குழுக்களும், கல்லூரி நாடகக் குழுக்களும் நல்ல பயிற்சிக் களம். காசு குறைவு. ஆனால் 'நாளைக்கு ஷோ, இன்னைக்கு ராத்திரிக்குள்ள குதிரை வேணும்' என்ற நெருக்கடியில் கற்பது வேறு எங்கும் கிடைக்காது.

வீட்டிலேயே தொடங்க முடியுமா?

முடியும். ஆனால் வரிசை முக்கியம். யூடியூபில் பார்த்துவிட்டு எடுத்த எடுப்பில் ரெசின் வாங்கப் போவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு.

முதல் மாதம், காகிதமும் அட்டையும்: அளவெடுப்பது, பேட்டர்ன் வெட்டுவது, காகிதக் கூழ் செய்வது. செலவு மிகக் குறைவு. ஒரு கிரீடத்தை அட்டையில் சரியாக வெட்டத் தெரியாதவருக்கு, விலை உயர்ந்த ஃபோமிலும் சரியாக வராது.

அடுத்து தெர்மாகோலும் ஃபோமும்: தெர்மாகோலைச் செதுக்கி பாறை, சிலை, தூண் செய்யலாம். இங்கே ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். சாதாரண ஸ்பிரே பெயிண்ட், பாலியஸ்டர் ரெசின் இரண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஒரு வார உழைப்பு ஐந்தே நிமிடத்தில் குழியாகிவிடும். முதலில் ஃபெவிகால், காகிதம் போன்றவற்றால் முழுசாக மூடி, காய்ந்த பிறகு தண்ணீரில் கரையும் பெயிண்ட் அடிப்பதே பாதுகாப்பு. கவசம், வாள் போன்றவற்றுக்கு ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் நல்லது. சூடு காட்டி வளைக்கலாம், எடையே இருக்காது.

மூன்றாவது, அச்சும் வார்ப்பும்: களிமண்ணில் மூலம் செய்து, பி.ஓ.பி. அல்லது சிலிகானில் அச்சு எடுத்து, அதில் பொருளை வார்ப்பது. இது கைவந்துவிட்டால் ஒரு பொருளை நூறாகச் செய்யலாம். வருமானம் இங்கேதான் தொடங்கும்.

நான்காவது, பழசாக்குதல்: தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. புதுசாகச் செய்த பொருள் கேமராவில் பொம்மை போலத் தெரியும். காகிதத்தை டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்தால் பழைய கடிதம் ரெடி. உலோக நிறத்தின் மேல் கறுப்பை நீர்த்துப் பூசித் துடைத்தால் இடுக்குகளில் அழுக்கு படிந்த மாதிரி நிற்கும். முல்தானி மிட்டியைத் தூவினால் தூசி. எந்த இடத்தில் கை படும், எங்கே தேயும், எங்கே துரு ஏறும் என்று யோசித்துச் செய்ய வேண்டும். ஒரு பழைய மண்வெட்டியைக் கையில் எடுத்துப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் கிடைக்கும் பாடம் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

சென்னையில் பொருள் எங்கே கிடைக்கும்? மோட்டார், எல்.இ.டி., சர்க்யூட் சாமான்களுக்கு ரிச்சி தெரு. பழைய வண்டி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. பழைய ரேடியோ, கேமரா, டைப்ரைட்டர் போன்றவற்றைப் பார்க்கவும் பேரம் பேசவும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. வாங்காவிட்டாலும் சும்மா சுற்றி வருவதே ஒரு படிப்புதான்.

உயிர் விஷயம்: இதை மட்டும் தவிர்க்காதீர்கள்

இந்தத் தொழிலில் அனுபவசாலிகள் பலர் மூக்கில் ஒரு கைக்குட்டைகூட கட்டாமல் வேலை செய்வார்கள். 'நாங்கெல்லாம் இப்படித்தான் செய்றோம்' என்பார்கள். புதிதாக வருபவர்கள் அதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

* ஃபைபர் வேலை: ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட் என மூன்று பாட்டில் தருவார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது. வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட். அளவு பொதுவாக ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். டப்பாவில் போட்டிருக்கும் அளவே இறுதி. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை பாதிக்கப்படலாம். கண்ணாடி அணிவது கட்டாயம்.
* ரெசின் புகை: துணி மாஸ்க்கும், என்-95 மாஸ்க்கும் ரெசின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி ஃபில்டர் உள்ள ரசாயன மாஸ்க் வேண்டும். என்-95 உதவுவது ஃபைபர் வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூசிக்குத்தான். பூட்டிய அறையில், படுக்கை அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.
* பி.ஓ.பி.: பாதுகாப்பானது என்று பலரும் நினைப்பது இது. பி.ஓ.பி. இறுகும்போது கடும் சூடு வரும். கெட்டியான கலவைக்குள் கையை முழுசாக விட்டு அச்சு எடுக்கக் கூடாது. பிரிட்டனில் 2007-ல் பள்ளியில் அப்படிச் செய்த 16 வயது மாணவி ஒருவர் பெரும்பாலான விரல்களை இழந்தார். உடம்பில் அச்சு எடுக்க அதற்கென்றே விற்கும் ஆல்ஜினேட் இருக்கிறது.
* தெர்மாகோல் வெட்டும் சூட்டுக் கம்பி: எரியும் புகை நல்லதல்ல. காற்றோட்டமான இடத்தில் மட்டும்.

துப்பாக்கி சம்பந்தப்பட்ட காட்சி என்றால் கவனம் இன்னும் பல மடங்கு தேவை. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ப்ராபர்ட்டியாக வைத்திருந்த துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு 2024-ல் 18 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பொருளைக் கையில் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் இல்லை.

நம் ஊரிலும் 2020 பிப்ரவரியில் சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து 3 பேர் உயிரிழந்தனர். மூவருமே திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரூபாய் நோட்டு: நிஜ நோட்டு போலவே இருக்கும் தாளை அச்சடிப்பதும் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா 182-வது பிரிவின்படி குற்றம். அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் அது கள்ள நோட்டு என்ற சந்தேகத்துக்குப் போய்விட்டால் விவகாரமே வேறு. அதனால்தான் சினிமா நோட்டுகளில் வங்கிப் பெயரை மாற்றி, பார்த்ததும் போலி எனத் தெரியும்படி எழுதுகிறார்கள். கலர் ஜெராக்ஸ் எடுத்துச் சமாளிக்கும் யோசனை வேண்டாம்.

கத்தி, வாள்: வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்மையான ஆயுதங்கள் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகின்றன. முனை மழுங்கிய டம்மியாக இருந்தாலும், பைக்கில் பத்து அரிவாளைக் கட்டிக்கொண்டு போனால் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியதுதான். தயாரிப்பு நிறுவனத்தின் கடிதம் கையில் இருப்பது நல்லது.

புலித்தோல், மான் கொம்பு, தந்தம்: பழைய ஜமீன் வீட்டு செட் என்றால் கேட்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நிஜத்தைத் தொடவே கூடாது. ஃபைபரிலும் துணியிலும் செய்து தருவதற்கு இது நல்ல வேலை வாய்ப்பும்கூட.

சரி, உள்ளே நுழைவது எப்படி?

1. போட்டோ ஆல்பம் தயார் பண்ணுங்க. 8 முதல் 10 பொருள் போதும். முடிந்த பொருளின் அழகான படம் மட்டும் இருந்தால் 'இதை நீதான் செஞ்சியா?' என்று கேட்பார்கள். வரைபடம், களிமண், அச்சு, பெயிண்ட் என ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்தால் அந்தக் கேள்வி வராது. என்ன பொருளில் செய்தது, எத்தனை நாள் ஆனது, எவ்வளவு செலவு என்று கீழே ஒரு வரி எழுதினால் கலை இயக்குநரின் உதவியாளர் உடனே நிமிர்ந்து பார்ப்பார். அவருக்குத் தேவையானது அந்த மூன்று விவரம்தான்.

2. ப்ராபர்ட்டி வாடகைக் கடையில் வேலை கேளுங்க. வடபழனி, சாலிகிராமம் சுற்றுவட்டாரத்தில் சினிமாவுக்குப் பொருள் வாடகைக்கு விடும் கடைகள் இருக்கின்றன. அங்கே வேலை என்பது தூசி தட்டுவது, லிஸ்ட் சரிபார்ப்பது, உடைந்ததை ஒட்டுவது. சலிப்பான வேலைதான். ஆனால் எல்லாப் படத்தின் ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆட்களும் ஏறி இறங்கும் வாசல் அது. எந்தக் காலத்தில் எந்தப் பொருள் என்ற அறிவும் தானாக வரும்.

3. குறும்படம், விளம்பரம், வெப் சீரிஸ். பெரிய படத்தில் நூற்றில் ஒருவராக நிற்பதைவிட, குறும்படத்தில் மொத்த ப்ராபர்ட்டியையும் தனியாகப் பார்த்தால் சீக்கிரம் கற்கலாம். பொருள் செலவையாவது வாங்கிக்கொள்ளுங்கள். உழைப்பும் இலவசம், பொருளும் இலவசம் என்றால் அது வாய்ப்பு அல்ல.

4. உதவியாளராகச் சேருங்க. கலை இயக்குநரை நேரடியாகப் பிடிப்பது கஷ்டம். அவருடைய உதவியாளர்களை, மோல்டரை, கார்பெண்டர் மேஸ்திரியைப் பிடிப்பது சுலபம். அவசரத்துக்கு 'ரெண்டு கை கூட வேணும்' என்று அவர்கள்தான் தேடுவார்கள். அப்படிப் போகும் முதல் நாளில் சொந்தமாக டேப், கட்டர், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போவது, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே நிற்பது, உடைந்ததை மறைக்காமல் சொல்வது. இந்த மூன்றுமே அடுத்த அழைப்பைக் கொண்டுவரும்.

5. சினிமாவை மட்டும் நம்பாதீங்க. கல்யாண மேடை அலங்காரம், கண்காட்சி, ஜவுளிக்கடை டிஸ்ப்ளே, கிறிஸ்துமஸ் குடில், பொருட்காட்சி, பள்ளி ஆண்டு விழா. இவை எல்லாமே இதே கைவேலைதான். பட வேலை இல்லாத மாதங்களில் பட்டறை வாடகையைக் கட்டுவது இந்த ஆர்டர்கள்தான்.

சங்க கார்டு: உஷாரய்யா உஷாரு

தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனமான 'பெப்சி'யின் கீழ் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சங்கம் உண்டு. கலை இயக்கம், செட் வேலை, மோல்டிங் என எந்த வேலையோ அதற்குரிய சங்கத்தின் உறுப்பினர் கார்டு இருந்தால்தான் பெரிய படங்களில் முறையாக வேலை செய்ய முடியும்.

கார்டு வாங்கக் கட்டணம் உண்டு. சங்கத்துக்குச் சங்கம், காலத்துக்குக் காலம் அது மாறும். புதிய உறுப்பினர் சேர்க்கை எப்போதும் திறந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள்.

* 'கார்டு வாங்கித் தர்றேன், காசு என் ஜி-பே நம்பருக்கு அனுப்பு' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணம் சங்க அலுவலகத்தில், ரசீதோடு மட்டும்.
* 'ஆர்ட் டிபார்ட்மெண்டில் வேலை, முதலில் டெபாசிட் கட்டு' என்றாலும் அதேதான். வேலை தருபவர் காசு கேட்க மாட்டார்.
* கார்டு எடுப்பதற்கு முன்பு ஒரு வருடமாவது உதவியாளராக வேலை பார்த்து, இந்தத் தொழில் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்வது நல்லது. கடன் வாங்கி கார்டு எடுத்துவிட்டு, தூக்கமில்லாத இரவு ஷூட்டிங் தாங்காமல் ஆறே மாதத்தில் ஊர் திரும்பினால் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

காசு எப்படி வரும்?

செட்டில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு 'கால்ஷீட்' வழியாக. ஒரு கால்ஷீட், ஒன்றரை கால்ஷீட், டபுள் கால்ஷீட் என்று நேரத்தைப் பொறுத்துக் கூலியும் பேட்டாவும். வேலை இருக்கும் நாளுக்குத்தான் காசு. ஷூட்டிங் நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

சொந்தமாகப் பொருள் செய்து தருபவர் விலை சொல்வதில்தான் அதிகம் தடுமாறுகிறார். பொருள் செலவை மட்டும் சொல்லிவிட்டு உழைப்பை மறந்துவிடுவார்கள். ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். இது சந்தை விலை அல்ல, கணக்குப் போடும் முறை மட்டும்:

* பொருட்கள்: 4,000 ரூபாய்
* 5 நாள் உழைப்பு, நாளுக்கு 1,000 வீதம்: 5,000 ரூபாய்
* உடைந்தால், கெட்டுப்போனால் என இந்த இரண்டின் கூட்டில் 10 சதவீதம்: 900 ரூபாய்
* வண்டி வாடகை: 600 ரூபாய்
* மொத்தம்: 10,500 ரூபாய்

இதில் பாதியை அட்வான்ஸாக வாங்கிய பிறகே ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டும். எத்தனை பொருள், என்ன அளவு, எந்தத் தேதி, மாற்றம் சொன்னால் கூடுதல் எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி 'ஓகே' வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் ஷூட்டிங் முடிந்ததும் மறந்துபோகும்.

பணம் வரவில்லை என்றால்? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த அவகாசம் எப்படியும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது என்கிறது 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாண்டினால் வட்டியுடன் கேட்டுப் புகார் செய்யலாம். ஆனால் பில், டெலிவரி செய்த ஆதாரம், முன்கூட்டியே செய்த பதிவு மூன்றும் இருந்தால்தான் வாதம் நிற்கும்.

காப்பீடும் அவசியம். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். உயரத்தில் ஏறி, மின்சாரத்தோடும் தீயோடும் வேலை செய்பவர்கள் ஒரு டீ, வடை காசை இதற்கு ஒதுக்குவதில் தவறில்லை.

3டி பிரிண்டரும் சி.ஜி.யும் வந்தாச்சே, இனி இந்த வேலை இருக்குமா?

கேட்க வேண்டிய கேள்விதான். கூட்டத்து வாள்கள், தூரத்துக் கோட்டைகள் போன்றவற்றில் சி.ஜி. ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது. பொம்மைத் தலை, துப்பாக்கி உடல், நகை போன்றவற்றின் மூலத்தை 3டி பிரிண்டரில் எடுப்பதும் சகஜமாகிவிட்டது.

ஆனால் பிரிண்டரிலிருந்து வரும் பொருள் அப்படியே கேமரா முன் போகாது. வரி வரியாக இருக்கும். தேய்க்க வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், பெயிண்ட் அடித்துப் பழசாக்க வேண்டும். அதற்கு அதே கைதான் வேண்டும். நடிகர் கையில் ஒரு பொருளைப் பிடித்து அழ வேண்டும் என்றால், பச்சைத் துணி சுற்றிய கட்டையைக் கொடுத்து எத்தனை பேரால் அழ முடியும்?

எனவே இன்று நுழைபவர் கற்க வேண்டியது இரண்டும். ஒரு கையில் உளி, இன்னொரு கையில் பிளெண்டர் போன்ற இலவச 3டி சாஃப்ட்வேர். அச்சு எடுக்கத் தெரிந்து, 3டி மாடலும் செய்யத் தெரிந்தவர் ஒரே ஆளாக இரண்டு ஆள் வேலையை முடிப்பார்.

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

வரையத் தெரியாது, வரலாமா? அழகாக வரையத் தேவையில்லை. அளவோடு வரையத் தெரிய வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, மேல் பார்வை என மூன்று கோணத்தில் ஒரு நாற்காலியை அளவு போட்டு வரைந்தால் போதும்.

பெண்கள் வரலாமா? தாராளமாக. ஆர்ட் டிபார்ட்மெண்டில் பெண்கள் வேலை செய்கிறார்கள். வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இரவு ஷூட்டிங்கில் போக்குவரத்து, கழிப்பறை, தங்கும் இடம் பற்றிக் கேட்டு உறுதி செய்துகொள்வது உரிமை. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் ஷூட்டிங் தளத்துக்கும் பொருந்தும்.

எத்தனை நாளில் நிலையான வருமானம் வரும்? ஆளுக்கு ஆள் மாறும். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு வேறு ஒரு வருமானம் கையில் இருக்கட்டும் என்பதே பாதுகாப்பான திட்டம்.

இன்றே செய்யக்கூடியது என்ன? வீட்டில் இருக்கும் ஒரு பழைய பொருளை எடுங்கள். தாத்தாவின் டார்ச் லைட்டோ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. அட்டை, காகிதம், பெயிண்ட் மட்டும் வைத்து அதைப் போலவே இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து பத்தடி தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். எது நிஜம் என்று வீட்டில் இருப்பவர்கள் ஒரு நொடி யோசித்தால், ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குப் படம் கிடைத்துவிட்டது.